எந்த மாஸ்டர்ஸ்?

ஊரில் ஒரு பிள்ளை லண்டனுக்கு "மாஸ்டர்ஸ்" படிக்கப் போகிறது என்றால் சந்தியில் பெனர் கட்டுகிறோம். காணியை ஈடு வைக்கிறோம், உம்மாவின் நகை வங்கிக்குப் போகிறது. எந்த மாஸ்டர்ஸ் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் பொறாமை என்கிறார்கள். பரவாயில்லை, அந்தப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நாங்கள், கேட்கத்தான் செய்வோம்.

ஏஜென்ட்மார் அநேகமாக விற்பது ஒரு வருட எம்.ஏ., எம்.எஸ்ஸி. மொத்தம் 180 கிரெடிட். அதில் வழமையாக 60, கடைசியில் கோடை காலத்தில் எழுதும் ஆய்வுக்கட்டுரைக்கு. அதைக் கோட்டை விட்டு 120 உடன் நின்றால் கையில் கிடைப்பது பட்டப்பின் டிப்ளோமா. முதுமாணி அல்ல! "வேலை செய்தே கடனை அடைக்கலாம்" என்பவர்கள் இதைச் சொல்வார்களா? மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை. ஆய்வு எழுதும் அந்தக் கோடையும் முதுமாணி மாணவருக்குப் பொதுவாகத் தவணைக் காலம்தான், விடுமுறை அல்ல.

கலாநிதிப் பட்டம் வரை போக நினைக்கும் பிள்ளைக்கு எம்.ரெஸ். இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் ஒரு வருடம்தான், ஆனால் பெரும்பகுதி ஆய்வு. நம்மூரில் அதன் பெயரைக்கூட யாரும் உச்சரிப்பதில்லை. இன்னொன்று, 2024 ஜனவரி முதல் தொடங்கும் வகுப்புவழி முதுமாணிக்கு, அரச புலமைப்பரிசில் இருந்தாலொழிய, மனைவி பிள்ளைகளை அழைத்துப்போக விசா இல்லை. ஆய்வுவழிப் பட்டத்துக்கு உண்டு. கலியாணம் முடித்த கையோடு மருமகனை அனுப்பும் வாப்பாமார் இதைத் தெரிந்துதான் காசு கட்டுகிறார்களா?

பெயர் எழுத்தை நம்பியும் பயனில்லை. எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற பழைய ஸ்கொட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. என்பது நான்கு வருட முதல் பட்டம். ஒக்ஸ்ஃபோர்டில் பி.ஏ. முடித்தவர் சில வருடம் கழித்துப் பரீட்சை எதுவும் எழுதாமலே எம்.ஏ. போட்டுக்கொள்ளலாம். அதே ஒக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல். பெயரில் இளமாணி, தரத்தில் முதுமாணி.

நம் நாட்டுத் தகைமைகள் சட்டகமே வகுப்புவழி முதுமாணியை 9ஆம் மட்டத்திலும், ஆய்வும் சேர்ந்ததை 10ஆம் மட்டத்திலும் வேறாக வைத்திருக்கிறது. நாம்தான் எல்லாவற்றையும் ஒரே பெனரில் அடிக்கிறோம்.

காசு கட்ட முதல் ஓஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு பின்னேரம் பாடசாலைப் பக்கம் வாருங்கள். இருந்து வரிவரியாக வாசித்துப் பார்ப்போம். ஏஜென்டையும் கூட்டி வந்தால் இன்னும் நல்லது.