படகுக்கு வேற பேட்டரி, வீட்டுக்கு வேற பேட்டரி

நம்ம ஊர்ல இன்வெர்ட்டர் பேட்டரி வாங்குறது கிட்டத்தட்ட மாப்பிள்ளை பாக்குற மாதிரி ஆயிடுச்சு. என்ன கம்பெனி? எத்தனை மாசம் வாரன்டி? பக்கத்து வீட்டுல என்ன வச்சிருக்காங்க? பழசுக்கு எவ்வளவு கழிப்பாங்க? எல்லாம் விசாரிப்போம். "ஏனுங்க, இந்த பேட்டரி எங்க வீட்டுல என்ன வேலை செய்யப் போகுது?"ன்னு மட்டும் யாரும் கேக்க மாட்டோம். பதினஞ்சாயிரம் ரூபா பக்கத்துல போட்டு வாங்குற ஒரு பொருளை அதோட வேலையே தெரியாம வாங்குற பழக்கம் மாறணும். அதை மாத்த வேண்டியது வீட்டுல இருக்குற இன்ஜினியரிங் பசங்களான நாமதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா விஷயம் பாதி புரிஞ்சிடும். 2012-ல கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரத்துக்கும் மேல கரண்ட் இருக்காது. அப்போ நாம ஸ்கூல் பசங்க. மில்லு, ஃபவுண்டரி, பட்டறை எல்லாம் படுத்துருச்சு. அந்த நேரத்துல கடன் வாங்கியாவது வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் வச்சாங்க. ஒரு மணி நேரம் கரண்ட் வரும், ஒரு மணி நேரம் போகும். பேட்டரி நாள் பூரா ஏறி இறங்கிட்டே இருந்துச்சு. "150 ஏஹெச் போதாது, பெருசா போடு" என்கிற அறிவுரை அந்தக் காலத்துக்குச் சரி.

இப்போ நிலைமை வேற. டவுன்ல பெரும்பாலான நாள் கரண்ட் போறதே இல்ல, போனாலும் கொஞ்ச நேரம்தான். ஆனா பராமரிப்புப் பணிக்குன்னு ஒரு நாள் குறிச்சு, காலையில 9 மணிக்கு நிறுத்தினா சாயங்காலம் 4 மணி வரைக்கும் வராது. ஆக, பேட்டரி பல வாரம் சும்மா உக்காந்திருக்கு, திடீர்னு ஒரு நாள் ஏழு மணி நேரம் ஓடுது. இது 2012-ஓட வேலையே இல்ல. ஆனா கடையில நமக்கு விக்கிறது இன்னும் 2012-க்கான பதில்தான்.

கணக்குப் போட்டுப் பாப்போம்

ஷட்டவுன் நாள்ல ஒரு சாதாரண வீட்டுக்கு என்ன வேணும்? ரெண்டு ஃபேன், ரெண்டு எல்ஈடி ட்யூப்லைட், ஒரு வைஃபை ரௌட்டர். பழைய ஃபேன் ஒண்ணு 75 வாட், லைட்டு ஒண்ணு 20 வாட், ரௌட்டர் 10 வாட். மொத்தம் 200 வாட். இன்வெர்ட்டரோட எஃபிஷியன்ஸி 85 சதவீதம்னு வச்சா பேட்டரியில இருந்து 235 வாட் எடுக்கும். 12 வோல்ட்டால வகுத்தா கிட்டத்தட்ட 20 ஆம்பியர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல வடிய விடக்கூடாதுன்னு வச்சுக்குவோம். அப்போ 150 ஏஹெச்-ல நம்ம கையில இருக்கிறது 75 ஏஹெச்தான். நாலு மணி நேரம் கூட முழுசா வராது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி பீப் சத்தம் கேக்கும்.

"அதான் 220 ஏஹெச் வாங்கச் சொன்னேன்"னு கடைக்காரர் சொல்லுவார். சரி, பாதி 110 ஏஹெச். அஞ்சரை மணி நேரம். அப்பவும் 4 மணி வரைக்கும் தாங்காது.

இப்போ பேட்டரியைத் தொடாம, ரெண்டு ஃபேனை மட்டும் பிஎல்டிசி ஃபேனா மாத்துங்க. ஒண்ணு 30 வாட்தான். மொத்த லோடு 110 வாட், பேட்டரியில இருந்து 11 ஆம்பியருக்கும் குறைவு. அதே 150 ஏஹெச் பேட்டரி ஏழு மணி நேரம் ஓடும்! இது தோராயக் கணக்குதான், ஆனா நிஜம் இன்னும் கொஞ்சம் நமக்குச் சாதகமாவே இருக்கும். லெட் ஆசிட் பேட்டரியில கரண்டை மெதுவா எடுத்தா மொத்தமா கிடைக்கிற ஏஹெச் கூடும். செகண்ட் இயர்ல பியூகெர்ட்னு ஒரு பேரை மனப்பாடம் பண்ணினோமே, அது இதுக்குத்தான். ரெண்டு ஃபேனுக்கு ஆறாயிரம் ரூபா பக்கம் ஆகும், கரண்ட் இருக்கிற நாள்லயும் பில்லு குறையும். அதனால நான் சொல்றது இதுதான்: லோடைக் குறைக்காம பேட்டரியைப் பெருசாக்காதீங்க.

லித்தியம்தான் ஃபியூச்சரா?

"லெட் ஆசிட் எல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு"ன்னு சொல்ற நண்பர்கள் நம்ம கிளாஸ்ல நிறைய. தாத்தா காலம் இல்ல, அதுக்கும் முன்னாடி. கேஸ்டன் பிளான்டே அதைக் கண்டுபிடிச்சது 1859-ல. எல்எஃப்பி 1997-ல வந்த ஆய்வுக் கட்டுரையில வெளிச்சத்துக்கு வந்துச்சு. குட்இனஃப் கூட அந்தக் கட்டுரையை எழுதினவங்க பாதி, நஞ்சுண்டசுவாமின்னு ரெண்டு பேர். குட்இனஃபுக்கு 2019-ல நோபல் கிடைச்சப்போ நம்ம ஆளுக பேரை யாரும் பெருசா பேசல, அது தனிக்கதை.

எல்எஃப்பி நல்ல பேட்டரி. எடை குறைவு, 80 சதவீதம் வரைக்கும் தைரியமா வடிய விடலாம், ஆயிரக்கணக்கான சைக்கிள் தாங்கும், தண்ணி ஊத்துற வேலை இல்ல. இது எங்கே பிரமாதமா பொருந்தும்னு கேட்டா, படகுல. நம்ம ஈரோட்டுக்காரர் பெரியார் 1924-ல போராடப் போன அதே வைக்கத்துல, 2017 ஜனவரியில இருந்து 'ஆதித்யா'ன்னு ஒரு சோலார் படகு ஓடுது. கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையோடது. 75 பேர் உக்காரலாம், கூரையில 20 கிலோவாட் சோலார், உள்ளே 50 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி. வேம்பநாட்டுக் காயல்ல அக்கரைக்கும் இக்கரைக்கும் நாள் பூரா போயிட்டு வரும். அங்கே பேட்டரி தினமும் ஏறி இறங்குது. ஒவ்வொரு கிலோவும் தண்ணியில இழுக்க வேண்டிய பாரம். அந்த வேலைக்கு லெட் ஆசிட் வச்சா படகு பேட்டரியை மட்டும்தான் சுமக்கும்.

ஆனா நம்ம வீடு படகு இல்லீங்களே. வாரத்துக்கு ரெண்டு தடவை கரண்ட் போகுதுன்னு வைங்க, வருஷத்துக்கு நூத்திச் சொச்சம் சைக்கிள். 2000 சைக்கிள் பேட்டரியைத் தீர்க்க இருபது வருஷம் ஆகும். அதுக்குள்ள இன்வெர்ட்டர் போர்டு ரெண்டு தடவை போயிருக்கும். பயன்படுத்தவே போறதில்லாத சைக்கிளுக்கு எதுக்கு முன்பணம்? போதாக்குறைக்குப் பழைய இன்வெர்ட்டர்ல சும்மா மாட்டவும் முடியாது. சார்ஜிங் வோல்டேஜ் லித்தியத்துக்குன்னு செட் பண்ண வசதி இருக்கோணும், ஈக்வலைஸ் சார்ஜ் ஓடக்கூடாது. இல்லேன்னா பிஎம்எஸ் கட் பண்ணிட்டு உக்காந்துக்கும்.

அதே சமயம், தோட்டத்துச் சாளையில இருக்கிறவங்களுக்கு என் பதில் வேற. அங்கே தினமும் கரண்ட் போகுது, சோலாரும் வைக்கலாம். பேட்டரி தினம் உழைக்குதுன்னா எல்எஃப்பி-க்குப் போட்ட காசு திரும்பி வரும். டவுன்ல இருக்கிற வீட்டுக்கு இன்னைக்கு ட்யூபுலர் போதும்.

கடையில கேக்க வேண்டியது

முதல்ல, 150 ஏஹெச்-னா எந்த ரேட்டிங்ல? சி-10 ரேட்டிங்னா பத்து மணி நேரத்துக்கு 15 ஆம்பியர். சி-20 ரேட்டிங்னா இருபது மணி நேரத்துக்கு 7.5 ஆம்பியர். ரெண்டு ஸ்டிக்கர்லயும் 150-ன்னுதான் இருக்கும், ஆனா நம்ம லோடுக்கு சி-10 காரன்தான் அதிகம் தருவான்.

அடுத்தது தயாரிச்ச தேதி. ஆறு மாசமா சார்ஜ் ஏத்தாம கடையில கிடந்த பேட்டரியில தகடுக்கு மேல சல்ஃபேட் படிஞ்சிருக்கும். புதுசுன்னு பேரு, பாதி கிழவன்.

வாரன்டி "36+24"-ன்னா அஞ்சு வருஷம் இலவசம்னு நினைச்சுக்காதீங்க. முதல் 36 மாசம்தான் மாத்திக் கொடுப்பாங்க, அடுத்த 24 மாசம் புதுசு வாங்கினா ஒரு தள்ளுபடி, அவ்வளவுதான். 24 வோல்ட் இன்வெர்ட்டர் வச்சிருக்கிறவங்க ஒரு பேட்டரி மட்டும் போச்சுன்னு பழசு கூடப் புதுசைச் சேக்காதீங்க. ஜோடியில பலவீனமானது எதுவோ, அதுதான் ரெண்டையும் இழுத்துட்டுப் போகும்.

தண்ணி ஊத்துறது யார் வேலை?

பேட்டரி வாங்குறதுக்கு நாலு பேர் கடைக்குப் போவோம். வாங்கின பிறகு அது மாடிப்படிக்குக் கீழ, பழைய சாமான் நடுவுல அநாதையா கிடக்கும். ஷட்டவுன் அன்னிக்கு மட்டும் அதைத் திட்டுவோம்.

ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஃப்ளோட்டைப் பாக்கோணும். குறைஞ்சிருந்தா டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணி இல்ல, ஏசி-ல சொட்டுற தண்ணியும் இல்ல. நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும்: சிறுவாணித் தண்ணியும் இல்ல! குடிக்க அது அமிர்தம், ஆனா உப்பும் குளோரினும் துளி இருந்தாலும் தகடுக்கு ஆகாது. ஆசிட் ஊத்தவே கூடாது. ஆவியாப் போறது தண்ணிதான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கு. ஃபுல் சார்ஜ் ஆன பிறகு ஊத்துங்க. தகடு வெளியே தெரிஞ்சா மட்டும், அது மூழ்குற அளவுக்கு முன்னாடியே ஊத்திட்டு சார்ஜ் போடுங்க. டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி, ஒயரைக் கழட்டி, ஆப்பசோடா கலந்த தண்ணியில துடைங்க, செல்லுக்குள்ள மட்டும் போகக்கூடாது. காஞ்சதும் வாசலின். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

ஹைட்ரோமீட்டர் ஒண்ணு சில நூறு ரூபாதான். ஆறு செல்லுலயும் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி பாருங்க. ஒரு செல் மட்டும் மத்ததை விட ரொம்பக் குறைஞ்சிருந்தா பிரச்சினை அங்கேதான். மல்டிமீட்டர் வச்சுப் பாக்குறவங்களுக்கு ஒரு குறிப்பு: "12.7 வோல்ட் இருந்தாத்தான் ஃபுல்"ங்கிற கணக்கு கார் பேட்டரிக்கு. கிராவிட்டியோட 0.84 கூட்டினா ஒரு செல்லோட வோல்டேஜ் கிட்டத்தட்ட வந்துடும். இன்வெர்ட்டர் ட்யூபுலர்ல ஃபுல் சார்ஜ் கிராவிட்டி பொதுவா 1.24 பக்கம், ஆறு செல்லுக்கு 12.5 வோல்ட்தான் வரும். நல்ல பேட்டரியைக் "கெட்டுப் போச்சு"ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. மாடலுக்குச் சரியான எண்ணை மேனுவல்ல பாத்துக்கோங்க.

இடமும் முக்கியம். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும், அதனால வெயில் அடிக்கிற பால்கனி வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காத்துல 4 சதவீதம் சேந்தாலே தீப்பிடிக்கும். சில வீட்டுல பேட்டரி ட்ராலிக்கு மேலேயே சாமி படமும் விளக்கும் இருக்கும். சாமி கோவிச்சுக்காது, ஒண்ணைத் தள்ளி வைங்க.

பழசு எங்கே போகுது?

யாரும் பேசாத பக்கம் இது. அம்பது கிலோ பேட்டரியில பாதிக்கு மேல ஈயம். அதனால அதுக்கு எப்பவும் விலை உண்டு. பழைய இரும்பு எடுக்க வர்றவர் எக்ஸ்சேஞ்ச் விலையை விட ஐநூறு ரூபா கூடத் தர்றேன்னா சந்தோஷமா கொடுத்துடறோம். அந்த ஐநூறு ரூபா எங்கிருந்து வருது? ஆசிட்டைச் சாக்கடையில கொட்டி, மேல்மூடியைக் கோடாலியால உடைச்சு, ஈயத்தைத் திறந்த அடுப்புல உருக்கினா செலவு மிச்சம். அந்தப் புகையைச் சுவாசிக்கிறது அங்கே வேலை செய்யறவங்களும் அவங்க குழந்தைகளும். உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு, அதாவது 80 கோடிக் குழந்தைகள் வரைக்கும், ரத்தத்துல ஈயம் கவலைப்படுற அளவுல இருக்குன்னு யுனிசெஃபும் ப்யூர் எர்த்தும் 2020-ல சொன்னாங்க. முறையில்லாத பேட்டரி மறுசுழற்சி அதுக்கு ஒரு பெரிய காரணம். குழந்தையோட மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவுன்னு ஒண்ணு கிடையாது.

2022 ஆகஸ்ட்ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி பண்ற பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல வைக்குது. குப்பையோட கலக்காம, முறையா சேகரிக்கிறவங்க கிட்ட ஒப்படைக்கிறது நம்ம பொறுப்பு. அதனால டீலர் கிட்டயே கொடுங்க, பில்லுல பழைய பேட்டரியை எடுத்துக்கிட்டதா எழுதி வாங்குங்க. ஐநூறு ரூபா குறையும், குறையட்டுமே.

"இதெல்லாம் மெக்கானிக் பாத்துக்குவார்"னு சொல்றவங்களுக்கு ஒரே கேள்வி. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, காரைக்குடியில மின்வேதியியலுக்குன்னே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் 1953-ல திறந்தாச்சு. அந்த மாநிலத்துல இன்ஜினியரிங் படிக்கிற நாம, வீட்டுப் பேட்டரியோட மூடியை ஒரு தடவையாவது திறந்து பாத்திருக்கோமா? அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ லேப்ல இருக்கிற மாதிரி ஒரு மல்டிமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், ரெண்டு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் எடுத்துட்டுப் போங்க. நம்ம வீடு முடிஞ்சதும் பக்கத்து வீட்டு ஆத்தா வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. அவங்க பேட்டரி இன்னும் ரெண்டு வருஷம் ஓடுச்சுன்னா, அது எந்த மினி ப்ராஜெக்ட் மார்க்குக்கும் குறைஞ்சது இல்ல.