பேஸ் கிடாருக்கு ஒரு பெட்டி தேவையா?



எந்தத் தலைப்பாக இருந்தாலும் தகடூர், அதியமான், நெல்லிக்கனி என்று ஆரம்பிப்பது ஆண்டு மலர் வழக்கம். இந்த முறை மன்னிக்கவும், நான் நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

நம் கல்லூரி இசைக்குழுவில் பேஸ் கிடாருக்கு இனியும் இடம் வேண்டுமா என்ற விவாதம் இந்த ஆண்டு முழுக்க கேன்டீனில் ஓடிக்கொண்டிருக்கிறது. "கீபோர்டுக்காரன் இடது கை போதும்டா, இல்லன்னா பென் டிரைவ்ல டிராக் போட்டுக்கலாம்" என்பது ஒரு கட்சி. பேஸ் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதற்கு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி கேட்பது வெறும் ஆடம்பரம் என்பது இன்னொரு கட்சி. நான் மூன்றாவது கட்சி. பேஸும் வேண்டும், பெட்டியும் வேண்டும். இந்தக் கட்சியில் இப்போதைக்கு நான் ஒருவன்தான் உறுப்பினர்!

பேஸ் கிடார் என்றால் என்ன என்று கேட்கும் மெக்கானிக்கல் நண்பர்களுக்காக இரண்டு வரி. சாதாரண கிடாருக்கு ஆறு கம்பி, இதற்குப் பெரும்பாலும் நான்கு. (எங்கள் அம்மா முதல்முறை பார்த்தபோது, "ஏன்டா, ஆறு கம்பி வச்சது கெடைக்கலயா?" என்று கேட்டார்.) அதன் தடித்த கம்பி விநாடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. கிடாரின் தடித்த கம்பி 82 முறை. மாரியம்மன் பண்டிகையில் பம்பை அடிக்கும்போது வயிற்றுக்குள் ஒரு அதிர்வு வருமே, அந்த இடத்தில் உட்காரும் வாத்தியம் இது. அமெரிக்காவில் 1951-ல் இதை விற்பனைக்குக் கொண்டு வந்து உலகெங்கும் பரப்பிய லியோ ஃபெண்டர், இசைக் கலைஞர் அல்ல. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது. ஈ.சி.இ. நண்பர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

இனி பெட்டி. காலால் மிதித்து இயக்கும் இந்த மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிக்குள் மாயம் ஏதும் இல்லை. நாம் லேபில் ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்து, கையெழுத்து வாங்கியதும் மறந்துவிடுகிற அதே சர்க்யூட்டுகள்தான். சத்தம் அதிகமானால் குறைத்து, குறைந்தால் தூக்கிக் கொடுக்கும் கம்ப்ரசரும், ரேடியோ ரிசீவர் பாடத்தில் வரும் ஏ.ஜி.சி.யும் அண்ணன் தம்பி. ஓவர்டிரைவ் என்பது நம் கிளிப்பர் சர்க்யூட். டையோடு போட்டு சைன் அலையின் தலையை வெட்டி சி.ஆர்.ஓ.வில் பார்த்தோமே, அதைக் காதால் கேட்டால் அதுதான் ஓவர்டிரைவ். வாசிக்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரம் சேர்க்கும் ஆக்டேவ், அனலாக் பெடல்களில் பிளிப்-பிளாப்பால் அதிர்வெண்ணை இரண்டாக வகுக்கும் வேலை. 1982-ல் வந்த பாஸ் ஓசி-2 பெடல் அந்த வகை. இன்றைய டிஜிட்டல் பெட்டியில் இவை எல்லாமே கணக்கு. கம்பியின் சிக்னலை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்கி, கணக்குப் போட்டு, மறுபடியும் சிக்னலாக வெளியே விடுகிறது. கோரஸ், ரிவெர்ப் பற்றியெல்லாம் எழுத எனக்கு ஆசையில்லை. பேஸில் அவற்றை மிகக் குறைவாகத் தொடுவதே நல்லது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகருக்கு ஒரு பாடல் பதிவு நடந்தது. கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் வாசித்தார். ஒலிப்பதிவு மேசையில் ஒரு பகுதி பழுதாகி, பேஸ் ஒலி கிழிந்த துணி போல வந்தது. அதைத் தூக்கி எறியாமல் அப்படியே பாட்டில் விட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் அதே ஒலி எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கிளென் ஸ்னாடி என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர் அந்தப் பழுதை டிரான்சிஸ்டர் சர்க்யூட்டாக மாற்ற, 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கிடார்காரர்கள் இன்று உரிமை கொண்டாடும் ஃபஸ் ஒலி பேஸ் வாத்தியத்தில்தான் பிறந்தது என்பதை இதைப் படிக்கும் லீட் கிடார் நண்பர்கள் கவனிக்கவும்!

"எல்லாம் விரல்ல இருக்கணும் தம்பி, பெட்டில இல்ல" என்று மூத்த வாத்தியக்காரர்கள் சொல்வார்கள். மறுக்க மாட்டேன். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸையும், ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸையும் கேட்டால் மனதில் நிற்பது சுரங்கள் நடந்து போகிற நடைதான். எந்தப் பெட்டியும் அந்த நடையைக் கற்றுக் கொடுக்காது. ஆனால் அவை சென்னை ஸ்டூடியோக்களில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொறியாளர் உட்கார்ந்து ஒலியைச் சீர் செய்து பதிவானவை. நாம் வாசிப்பது எங்கே? பாலக்கோடு பக்கமும் பென்னாகரம் பக்கமும், வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். நமக்கு எந்தப் பொறியாளர்? மைக் செட் அண்ணனுக்குப் பாடகர் குரல் ஊருக்குக் கேட்டால் போதும். பேஸ் அவர் கணக்கிலேயே வராது.

என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குழாய் ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸ் ஒலியைத் தரவே தராது. அதன் பக்கத்தில் கூட வராது. அப்படியானால் அங்கே பேஸ் வாசிப்பதே வீணா? இல்லை. டெலிபோனை நினைத்துப் பாருங்கள். பழைய டெலிபோன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 100-ஐ ஒட்டியே இருக்கும். அது லைனில் வரவே இல்லை, இருந்தும் அப்பா குரல் அப்பா குரலாகவே கேட்கிறது. மேலே வரும் மடங்குகளைக் கொண்டு கீழே இல்லாததை நம் காதும் மூளையும் சேர்ந்து கட்டிக்கொள்கின்றன. பேஸிலும் இதே தந்திரம்தான். ஓவர்டிரைவைக் கொஞ்சமாக, கறிக்கு உப்பு போல சேர்த்தால் 82, 123, 164 என்று மேல் மடங்குகள் வலுக்கின்றன. சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் எங்கே நடக்கிறது என்று காதுக்குத் தெரிகிறது. அதிகம் போட்டால் அடி ஒலி கரைந்து தேனீக்கூடு மாதிரி ஆகிவிடும். பேஸுக்கென்று செய்த பெட்டிகளில் பிளெண்ட் என்று ஒரு குமிழ் கொடுத்திருப்பது இதற்காகத்தான். அசல் ஒலியில் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை மட்டும் வெட்டலாம்.

கம்ப்ரசர், கொஞ்சம் ஓவர்டிரைவ், டோன் சரிசெய்ய ஈக்வலைசர். இந்த மூன்றும் போதும் என்பது என் கருத்து. கடையில் வரும்போதே பெட்டிக்குள் ஏற்றியிருக்கும் ஒலிகளை ஒன்றுவிடாமல் மிதித்துப் பார்த்துவிட்டு, "சவுண்டே சரியில்ல" என்று பரண் மேல் போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த ஒலிகள் கடையில் ஹெட்போன் மாட்டிக் கேட்பதற்காக அமைந்தவை, திருவிழாவுக்கு அல்ல. ஆக்டேவைத் தடித்த கம்பியில் போட்டால் 20 ஹெர்ட்ஸ் வரும். அது மனிதக் காதின் எல்லை. ஸ்பீக்கர் கோன் மட்டும் கோழி இறக்கை அடிப்பது போல அடித்துக்கொள்ளும்.

ஆடம்பரம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஜூம் பி1 ஃபோர் போன்ற சின்னப் பெட்டி நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும். ஒரே நேரத்தில் ஐந்து எஃபெக்ட் போடலாம். டியூனர் உள்ளேயே இருக்கிறது. பயிற்சிக்குத் தாளமும் போடும். விலை ஒரு சாதாரண செல்போன் அளவுதான். பெரிய பேஸ் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வேனில் ஏற்ற வேண்டாம், பெட்டியிலிருந்து நேராக மிக்ஸருக்குக் கார்டு போடலாம். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் எல்லா ஆர்கெஸ்ட்ராவிலும் முதலில் கழற்றி விடுவது பேஸ்காரனைத்தான். வேனில் ஒரு சீட்டு மிச்சம், ஒரு சம்பளம் மிச்சம். பண்டிகை மாதங்களில் வாசித்துக் கிடைக்கும் பணத்தில்தான் என் தேர்வுக் கட்டணமும் டிராயிங் ஷீட்டும். "நீ வாசிச்சாலும் வாசிக்கலன்னாலும் ஒண்ணுதானே, கேக்கவா போகுது" என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒலி வேண்டும் அல்லவா?

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும், இது விளையாட்டு அல்ல. ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சல் பேஸின் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதை நிறுத்த எர்த் பின்னை உடைத்துவிடும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்! கிடார் கம்பிகள் கார்டு வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. கை கம்பியில், உதடு மைக்கில். 1972-ல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸின் ஸ்வான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். வயது 27. பெட்டியைப் பேட்டரியில் ஓட்டினால் அடாப்டரின் கீச்சொலி போகும், ஆனால் கார்டு மிக்ஸரில் இருக்கும்வரை இந்த ஆபத்து போகாது. இரைச்சலுக்கு வழி, சிக்னல் பாதையில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் வைத்து அங்கே கிரவுண்டைத் துண்டிப்பது. மெயின்ஸ் எர்த்தில் கை வைக்கவே கூடாது. அடாப்டரிலும் கவனம். எஃபெக்ட்ஸ் பெட்டிகள் பெரும்பாலும் 9 வோல்ட், நடுமுனை நெகடிவ். சில கீபோர்டு அடாப்டர்கள் 12 வோல்ட், நடுமுனை பாசிடிவ். பின் அளவு பொருந்துகிறதே என்று சொருகினால் பெட்டியின் ஆயுள் அவ்வளவுதான்.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை சின்னது. அடுத்த ஆண்டு கலைவிழா நிதியில் டிஜே செட் வாடகையை ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டு, ஒரு பேஸ் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியும் ஒரு டி.ஐ. பாக்ஸும் வாங்கலாம். விழா நாட்களில் இசைக்குழுவுக்கு, மற்ற நாட்களில் ஈ.சி.இ. லேபில். உள்ளே சைன் அலை கொடுத்து, வெளியே வருவதை சி.ஆர்.ஓ.வில் பார்த்தால் கிளிப்பர் பாடத்தை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவோம். கேரம் போர்டு காயின்களுக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.