சக்கரம் தொழிலாளிக்கு, லாபம் கம்பெனிக்கு!

2025 ஆகஸ்ட் 28. இந்தோனேஷியாவின் ஜகார்த்தா நகரம். சம்பள உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் பாராளுமன்றத்தின் முன்னே கூடினார்கள். மாணவர்களும் கூடினார்கள். பாராளுமன்ற அங்கத்தினர்கள் வீட்டுப் படி என்று மட்டும் மாதம் 5 கோடி ரூபியா வாங்குகிறார்கள் என்ற செய்தி ஜனங்களின் நெஞ்சில் நெருப்பை மூட்டியிருந்தது. அந்த நகரத் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளத்தைப்போல் அது ஏறத்தாழ 10 மடங்கு! அன்று இரவு போலீசின் கவச வண்டி ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்தது. அதன் சக்கரத்தில் சிக்கி ஒரு வாலிபன் மாண்டான். வயது 21. மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றியும், சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தும் பிழைத்து வந்தவன்.

மறுநாள் அவனுடைய இறுதி ஊர்வலத்தில் பச்சைச் சட்டை அணிந்த ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள் தொழிலாளிகள் அணிவகுத்தார்கள். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. அங்கத்தினர்களின் படியை வெட்டுவதாக சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது.

யார் இந்தப் பச்சைச் சட்டைக்காரர்கள்? ஜகார்த்தாவில் இவர்கள் தொழிலுக்கு "ஓஜெக்" என்று பெயர். உகாண்டாவில் "போடா போடா". நைஜீரியாவில் "ஒகாடா". பெயர்தான் வேறு, பிழைப்பு ஒன்றே. நிலமில்லாதவன், ஆலையில் வேலை கிடைக்காதவன், கிடைத்த வேலையும் பறிபோனவன், கடன்பட்டு இரண்டு சக்கரம் வாங்கித் தெருவில் இறங்குகிறான்.

"மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறானே, அவனா ஏழை?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். தொழிலாளி வீட்டு வாசலில் வண்டி நிற்பதைக் காட்டி, நாடு சுபிட்சமடைந்துவிட்டது என்று பிரசாரம் செய்கிறார்கள். உண்மை என்ன? பஸ் வராத ஊரில், பஸ் வந்தாலும் நேரத்துக்கு வராத ஊரில், வேலைக்குப் போய்ச் சேர வேறு வழியில்லாதவன் வாங்கும் வண்டி அது. ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் வாழும் ஜகார்த்தாவில் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை போட்டது 2004இல். முதல் மெட்ரோ ரயில் ஓடியது 2019 மார்ச்சில். அதுவரை பல்லாண்டு காலம் தொழிலாளி எதில் போனான்? மாதத் தவணை கட்டும் வண்டியில்தான்! சர்க்கார் செய்ய வேண்டிய செலவைத் தொழிலாளி தன் கூலியிலிருந்து செய்தான். இதற்குப் பெயர் சுபிட்சமா?

அவன் காசு மட்டுமா போகிறது? உயிரும் போகிறது. 2021ஆம் ஆண்டில் உலகச் சாலைகளில் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு, மூன்று சக்கர மோட்டார் வண்டிகளில் சென்றவர்கள். நமது நாட்டிலோ நிலைமை இன்னும் பயங்கரம். 2022இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். இது சர்க்காரே வெளியிட்ட கணக்கு.

இத்தனைக்கும் பிறகு ஆளும் வர்க்கம் என்ன செய்கிறது? தொழிலாளியின் வண்டிக்கே தடை போடுகிறது! 2014 டிசம்பரில் ஜகார்த்தாவின் பிரதான சாலையில் மோட்டார் சைக்கிள் நுழையக்கூடாது என்றார்கள். கார்களுக்கு இந்தத் தடை இல்லை. அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் 2018இல் அந்தத் தடை நீங்கும்வரை இந்த அக்கிரமம் நீடித்தது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 2020 பிப்ரவரியில் ஆறு பகுதிகளில் ஒகாடாவுக்குத் தடை விதித்தார்கள். போதுமான பஸ் இல்லை. ஜனங்கள் கால்நடையாக வேலைக்குப் போனார்கள். விபத்தைத் தடுக்கத்தானாம் இந்தத் தடை! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது. பஸ் விடாமல் வண்டியைப் பறிப்பவன் விபத்தைத் தடுக்கவில்லை. ஏழையின் காலை ஒடிக்கிறான்.

இனி, இந்த வண்டியை வைத்தே கொழுத்த லாபம் அடிக்கும் புதிய முதலாளிகளைப் பார்ப்போம். கைபேசிச் செயலி மூலம் சவாரியையும் சாப்பாட்டையும் அனுப்பும் கம்பெனிகள் இவை. ஓட்டுபவனைத் தொழிலாளி என்று இவர்கள் கூப்பிடுவதில்லை. இந்தோனேஷியாவில் "மித்ரா" என்கிறார்கள். நம் ஊரில் "பார்ட்னர்" என்கிறார்கள். கூட்டாளியாம்!

கூட்டு எப்படிப்பட்டது? வண்டி தொழிலாளியுடையது. தவணைக் கடன் தொழிலாளியுடையது. பெட்ரோல் தொழிலாளியுடையது. பழுது பார்க்கும் செலவும், விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் தொழிலாளியுடையவை. சாலையோ பொதுஜனங்களுடையது. கம்பெனி கொண்டுவருவது செயலி ஒன்றுதான். ஆனால் கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனி. வேலையை நிறுத்துவதும் கம்பெனி. "நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், கலந்து ஊதி ஊதித் தின்னலாம்" என்றானாம் ஒருவன். அந்தக் கூட்டுதான் இந்தக் கூட்டு!

விவசாயத் தொழிலாளிகளுக்கு இது புதிதல்ல. வாரத்துக்கு உழுதவனுடைய மாடும் ஏரும் அவனுடையவை. விளைந்த நெல் பண்ணையார் களஞ்சியத்துக்குப் போயிற்று. கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரனைக் கேளுங்கள். தறி அவனுடையது, தறிக்கடனும் அவனுடையது. லாபம் பாவும் நூலும் கொடுப்பவனுக்கு. பண்ணையாருக்காவது நிலம் இருந்தது. இந்தக் கம்பெனிகளுக்கு அதுவும் இல்லை.

இந்தோனேஷிய சர்க்கார் 2022இல் போட்ட விதிப்படி, தொழிலாளி ஓட்டிச் சம்பாதித்ததில் நூற்றுக்கு 20 வரை கம்பெனி எடுத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு மேலும் பிடிக்கிறார்கள் என்று கொதித்தெழுந்த தொழிலாளிகள், 10க்கு மேல் பிடிக்காதே என்று கோரி 2025 மே 20 அன்று வண்டிகளை நிறுத்தினார்கள். அதே ஆண்டு ரம்ஜானுக்கு போனஸ் கொடுங்கள் என்று ஜனாதிபதியே கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டார். பலருக்குக் கிடைத்தது வெறும் 50,000 ரூபியா! நம் காசில் 300 ரூபாய்கூட தேறாது. கூட்டாளிக்குக் கிடைத்த பங்கு இதுதான்.

ஆனால் தோழர்களே, இதை விதி என்று உலகத் தொழிலாளிகள் ஏற்றுக்கொள்ளவில்லை. 2020 ஜூலை 1 அன்று பிரேசில் நாட்டுப் பொட்டலத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து, நியாயமான கூலியும் விபத்து இன்ஷூரன்சும் கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஊபர் கார் ஓட்டுபவர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்ல, குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் சம்பளத்துடன் லீவுக்கும் உரிமையுள்ள தொழிலாளிகளே என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஸ்பெயின், பொட்டலத் தொழிலாளியைக் கம்பெனியின் ஊழியராகவே கருத வேண்டும் என்று சட்டம் செய்தது. இவை யாரும் இனாமாகக் கொடுத்தவை அல்ல. போராடிப் பெற்றவை.

நமது வரலாறும் இதையே சொல்கிறது. 1953இல் கல்கத்தாவில் பிரிட்டிஷ் டிராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரே ஒரு பைசா ஏற்றியது. ஒரு பைசாதானே என்று ஜனங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்களா? இல்லை. டிராமைப் பகிஷ்கரித்தார்கள். தடியடி வந்தது; சிறை வந்தது. கம்யூனிஸ்டுகளும் இடதுசாரிகளும் முன்னே நின்றார்கள். ஏற்றிய பைசாவைக் கம்பெனி இறக்கியது. பிரயாணக் கட்டணம் கூலியின் ஒரு பாகம் என்பதை அந்த ஜனங்கள் அறிந்திருந்தார்கள். பஸ்ஸுக்குப் போகிற காசு அடுப்புக்கு வருகிற காசில் குறைகிறது.

நாம் மோட்டார் சைக்கிளுக்கு விரோதிகளா? ஒருபோதும் இல்லை. நடுராத்திரியில் பிரசவ வேதனைப்படுகிற பெண்ணைக் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பது பல இடங்களில் அந்த வண்டிதான். யந்திரம் நமக்கு எதிரியல்ல. யந்திரத்தின் பேரால் நடக்கும் சுரண்டல்தான் எதிரி. வண்டி தொழிலாளியின் விருப்பமாக இருக்கட்டும். நிர்ப்பந்தமாக இருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது. கூலிக்குப் போகிற சகோதரிகளின் முடிச்சில் அன்றாடம் சில ரூபாய் மிஞ்சியது. பொதுப் பணத்தில் பொதுப் போக்குவரத்தை நடத்த முடியும் என்பதற்கு இது கண்கூடான சாட்சி.

ஆகவே நாம் கோருகிறோம்: மில் ஷிப்ட் மாறும் நேரத்துக்கும், கழனிக்குப் போகும் விடியற்காலைக்கும் பஸ் விடு! பஸ்ஸைத் தனியாருக்குத் தாரைவார்க்காதே! வண்டி ஓட்டிப் பிழைப்பவனைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்! குறைந்தபட்சச் சம்பளம், விபத்து நஷ்டஈடு, சங்கம் சேரும் உரிமை கொடு!

மில் தொழிலாளத் தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைதான் இன்று பையைச் சுமந்து வெயிலிலும் மழையிலும் பறக்கிறான். அவனைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். ஜகார்த்தாவில் ஆலைத் தொழிலாளியின் கோஷமும் பச்சைச் சட்டைக்காரனின் கோஷமும் ஒன்றானபோது சர்க்கார் பணிந்தது. அந்த ஒற்றுமை இங்கேயும் வேண்டும்!