முதலில் கேட்க வேண்டிய கேள்வி

மகளுக்கு மூன்று வயது முடிந்ததும், நானும் கணவரும் வீட்டருகே தனியார் பாலர் பள்ளிகளைப் பார்க்கக் கிளம்பினோம். ஓரிடத்தில் மணல்தொட்டி, இன்னோரிடத்தில் குட்டிச் சமையலறை. மகளுக்கு எல்லாமே பிடித்துவிட்டது.

"தமிழ் வகுப்பு உண்டா?" என்று கேட்டேன்.

"இல்லை. எல்லாருக்கும் சீனம்தான். சின்னப் பிள்ளைதானே, சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்" என்றார் அங்கிருந்தவர், கனிவோடு. பிடித்துக்கொள்வாள் என்பது எனக்கும் தெரியும். கவலையே அதுதான்.

வானொலியில் ஊருக்கே தமிழ் பேசுகிறேன். வீட்டில் "சாப்பிட்டியாம்மா?" என்றால், "யெஸ், அம்மா" என்று பதில் வருகிறது.

கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் மூன்றும் உண்டு. ஆனால் அங்கே 5, 6 வயதுக்கான கே1, கே2 வகுப்புகள் மட்டுமே. அதற்கு முந்தைய வயதுக்கு நாம்தான் தேட வேண்டும். பிசிஎஃப் ஸ்பார்க்கல்டாட்ஸ் நிலையங்கள் சிலவற்றிலும் தமிழ் சொல்லித் தருகிறார்கள். கிளைக்குக் கிளை மாறும் என்பதால், நேரில் போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள்: தமிழ் ஆசிரியர் இருக்கிறாரா? வாரத்தில் எத்தனை நாள்? எந்த வயதிலிருந்து?

கடைசியில் நாங்கள் சேர்த்த பள்ளிக்குப் பேருந்தில் இருபது நிமிடம். மணல்தொட்டி கிடையாது. சென்ற வாரம் திரும்பும் வழியில், சன்னலைத் தொட்டுக்கொண்டு மகள் சொன்னாள்:

"அம்மா, மழை வருது."

குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதனால் என்ன!