மாமிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை



பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும் முன்னமே என் அக்காவிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்ப திரும்ப வேலைக்குப் போறீர்?" கோயிலில் கேட்டார்கள். பிள்ளையின் எடை பார்க்க வந்த தாதி கேட்டா. அக்காவின் மேலாளர் ரெண்டு தரம் டெக்ஸ்ட் பண்ணிக் கேட்டார். அத்தானிடம் மட்டும் ஒருத்தரும் கேட்கேல்லை. அவர் பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமையே வேலைக்குப் போயிட்டார். அதை ஒரு முடிவு என்றே யாரும் நினைக்கவில்லை.

அக்கா என்ன பதில் சொன்னாலும் பிழைதான். "ஜனவரி" என்றால், "ஐயோ, பச்சைப்பிள்ளையை விட்டிட்டோ?" "இன்னும் யோசிக்கேல்லை" என்றால், "அப்ப படிச்ச படிப்பு?" ஒரு ஆன்ட்டி ஜசிந்தா ஆர்டெர்னையும் இழுத்தா. "2018 இல பிரதமரா இருந்துகொண்டே பிள்ளை பெத்து, ஆறு கிழமையில திரும்பிப் போனவா தானே?" உண்மைதான். ஆனால் ஜசிந்தா திரும்பிப் போனபோது வீட்டில் பிள்ளையோடு முழுநேரமாக நின்றது அவரின் துணைவர் கிளார்க் கேஃபோர்ட். அந்தப் பாதிக் கதையை ஆன்ட்டி சொல்லவில்லை.

எனக்கு இந்தக் கேள்வியிலேயே கோபம். அக்கா மனசைக் கேட்டு, உடம்பைக் கேட்டு, காலண்டரில் ஒரு நாளை வட்டம் போடப் போறா என்பது போலக் கேட்கிறார்கள். அந்த நாளை எடுத்தது அக்கா இல்லை. கணக்கைப் பாருங்கோ.

நியூசிலாந்தில் சம்பளத்தோடு கிடைக்கும் பிள்ளைப்பேற்று விடுமுறை 26 கிழமை. 2025 ஜூலை முதல் அதன் உச்சத்தொகை கிழமைக்கு 788.66 டொலர், அதுவும் வரிக்கு முன்னம். அந்த நேரம் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 23.50 டொலர், நாற்பது மணித்தியாலத்துக்கு 940. அதாவது ஒரு தாய்க்கு உச்சமாகக் கிடைப்பதே முழுநேரக் குறைந்தபட்சச் சம்பளத்தைவிட 150 டொலர் குறைவு. மவுண்ட் ரோஸ்கில்லில் அக்கா வீட்டு வாடகை கிழமைக்கு 650. வரி போக வந்த காசு வாடகைக்குச் சரி. அதுக்கு மேல கரண்டும் சாப்பாடும் பெற்றோலும் அத்தானின் சம்பளத்தில்.

ஒரே இடத்தில் ஒரு வருசம் வேலை செய்திருந்தால், சட்டப்படி 52 கிழமை வரைக்கும் விடுமுறையில் நிற்கலாம். ஆனால் மிச்ச 26 கிழமைக்குச் சம்பளம் இல்லை. வேலை காத்திருக்கும், வாடகை காத்திருக்காது. சம்பள விடுமுறையில் கொஞ்சத்தை அத்தானுக்கு மாற்றிக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கு. ஆனால் அவரின் சம்பளம் அக்காவினதைவிடக் கூட. அவர் வீட்டில் நின்றால் இழப்பும் கூட. அவருக்கென்று சட்டம் தருவது ரெண்டு கிழமை, அதுவும் சம்பளம் இல்லாமல். ஆகவே கூடச் சம்பளம் எடுக்கிறவர் போகிறார், குறையச் சம்பளம் எடுக்கிறவர் நிற்கிறார், நின்றதால் அவரின் சம்பளம் இன்னும் குறைகிறது. இதைத்தான் "குடும்பத்தின் சொந்த முடிவு" என்று சொல்லுறோம்.

இந்த 26 கிழமையும் வானத்தில் இருந்து விழவில்லை. 1999 இல் நான் பிறந்தபோது அம்மாவுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறையும் சட்டத்தில் இல்லை. 1987 ஆம் ஆண்டுச் சட்டம் வேலையைப் பாதுகாத்தது, காசு தரவில்லை. அம்மா ஒன்பதாம் கிழமையில் இரவு நேரக் கிளீனிங் வேலைக்குத் திரும்பினா. பகலில் அப்பா டாக்ஸி, இரவில் அம்மா. ரெண்டு பேரும் வாசலில்தான் சந்திப்பினமாம். பிறகு தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் போராடி, அலையன்ஸ் கட்சியின் லைலா ஹாரே அமைச்சராக இருந்து தள்ளி, 2002 ஜூலையில் முதல் 12 கிழமை வந்தது. 2016 இல் 26 கிழமை கேட்டு சூ மொரோனி கொண்டுவந்த மசோதாவுக்குப் பாராளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தும், நிதியமைச்சர் பில் இங்கிலிஷ் "காசு இல்லை" என்று நிதி வீட்டோ போட்டார். ஆட்சி மாறியதும் 2018 இல் 22, 2020 இல் 26. இல்லாத காசு நாலு வருசத்தில் எங்கிருந்தோ வந்திட்டுது.

சரி, 26 கிழமை முடிந்தது. அடுத்தது என்ன? அரசின் 20 மணித்தியால இலவச முன்பள்ளி தொடங்குவது பிள்ளைக்கு மூன்று வயசில். இடையில் ரெண்டரை வருசம். ரெண்டு வயசுப் பிள்ளைகளுக்கும் அதை நீட்டுவதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஆட்சி மாற, புது அரசு அதை வெட்டியது. பதிலுக்கு வந்த ஃபமிலிபூஸ்ட் திட்டத்தில் முதலில் நீங்கள் முழுக் காசும் கட்ட வேணும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருக்கா ஒரு பங்கு திரும்பி வரும். அக்கா வீட்டுக்குப் பக்கத்து டே கெயாரில் கேட்டது கிழமைக்கு 380 டொலர். முதலில் கட்ட அந்தக் காசு இருந்தால் ஏன் இந்தக் கவலை?

அப்பதான் மாமி வந்தா.

மாமி, அத்தானின் அம்மா. யாழ்ப்பாணத்தில் இருக்கிறா. பெற்றோருக்கான விசிற்றர் விசாவில் ஒரு தரம் வந்தால் ஆறு மாதம்தான் நிற்கலாம். அதனால் எங்கட வீட்டில் நடந்த உண்மையான விவாதம் "அக்கா எப்ப வேலைக்குப் போறது" என்பதில்லை, "மாமியின் ஆறு மாதத்தை எப்ப செலவழிக்கிறது" என்பதுதான். பிள்ளை பிறக்கும்போது கூப்பிட்டால் பத்தியச் சாப்பாடு, அக்காவுக்கு நித்திரை, ஒரு துணை. வேலைக்குத் திரும்பும்போது கூப்பிட்டால் டே கெயார் காசு மிச்சம். ரெண்டும் கிடையாது. ரெண்டாவதை எடுத்தோம். அதனால் அந்த முதல் மாதங்களில் அக்கா பகல் முழுக்கத் தனிய அழுததை நான் பார்த்தேன். அம்மா இப்ப ரெஸ்ட் ஹோமில் வேலை. வேறு ஆட்களின் அம்மாக்களைப் பார்க்கிறா. சனி, ஞாயிறுதான் மகளிடம் வர முடிந்தது.

இப்போது மாமி காலை ஏழரைக்குத் தொடங்குகிறா. பால், தடிமன், குளிப்பு, தாலாட்டு, உடுப்பு, சமையல். அக்கா ஆறு மணிக்கு வரும் வரைக்கும் பத்தரை மணித்தியாலம். அவவின் விசாவில் என்ன எழுதி இருக்குத் தெரியுமா? வேலை செய்ய அனுமதி இல்லை. இந்த நாட்டின் குடிவரவுச் சட்டத்துக்கு மாமி ஒரு உல்லாசப் பயணி.

மெரிலின் வாரிங் 1975 இல் 23 வயசில் பாராளுமன்றம் போனவர், பிறகு ஓக்லாந்திலேயே பேராசிரியராக இருந்தவர். பெண்கள் வீட்டில் காசில்லாமல் செய்யும் உழைப்பை நாட்டின் உற்பத்திக் கணக்கு காணாத மாதிரி விடுவதைப் பற்றி 1988 இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். என் ஆய்வுக்காக அதைப் படிக்கும்போது மாமி பக்கத்து அறையில் பிள்ளையை நித்திரையாக்கிக் கொண்டிருந்தா. அக்கா வேலைக்குப் போனது பொருளாதார வளர்ச்சி. அவவைப் போகவைத்த மாமி எந்தக் கணக்கிலும் இல்லை.

"பேரப்பிள்ளையைப் பாக்கிறதுக்குக் காசுக் கணக்கோ?" என்று அம்மா என்னோடு சண்டை. விளங்குது. மாமிக்கும் பேரனில் உயிர்தான். ஆனால் அவவுக்கு முழங்கால் நோ இருக்கு. மாமா ஊரில் தனிய, கடைச் சாப்பாட்டில். இங்கே பகலில் கதைக்க ஒரு ஆள் இல்லை. அன்பு இருப்பதால்தான் இதையெல்லாம் சும்மா எடுக்க முடிகிறது. சுவீடனில் 2024 ஜூலையில் இருந்து பெற்றோர் ஒவ்வொருவரும் தங்கள் சம்பள விடுமுறையில் 45 நாள் வரை தாத்தா பாட்டிமாருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அங்கே பாட்டிமாரின் அன்பு அதனால் குறைந்ததாக நான் நினைக்கேல்லை.

2025 செப்டெம்பரில் இங்கே பேரண்ட் பூஸ்ட் என்று ஐந்து வருச விசா ஒன்று வந்தது. ஆனால் வருமான நிபந்தனையும் மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம். அறுபது தாண்டின, முழங்கால் நோ உள்ள ஒரு அம்மாவுக்குக் காப்புறுதிக் காசு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கோ. வசதியான பிள்ளைகளின் அம்மா நிற்கலாம், மற்றவர்களின் அம்மா போக வேணும்.

இது தேர்தல் வருசம். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் மூன்று விசயம் கேட்க வேணும். விடுமுறைக் காசு சம்பளத்துக்குச் சமமாக வேணும், அதில் தகப்பனுக்கென்றே ஒரு பங்கு வேணும். விடுமுறை முடியும் நாளிலேயே இலவச முன்பள்ளி தொடங்க வேணும், மூன்று வயசில் இல்லை. பெற்றோர் விசாவுக்குப் பணப்பரீட்சை வேண்டாம்.

அதோடு எங்களுக்குள்ளேயும் ஒன்று. அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போற வீட்டில் அந்தக் கேள்வியைத் தகப்பனிடம் கேளுங்கோ: "எப்ப வேலையைக் குறைக்கப் போறீர்?" நான் அத்தானிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கிழமையில் நாலு நாள் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார். இன்னும் பதில் வரவில்லை.

மாமியின் டிக்கெட் அடுத்த மாதம் 14 ஆம் திகதி. பிள்ளை இப்போதுதான் அவவை அடையாளம் கண்டு கையை நீட்டுகிறான். 15 ஆம் திகதி காலை ஏழரைக்கு யார் நிற்பது என்று எங்கட வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.