வாயினுள் தோன்றும் கருந்திட்டு

நம் நாட்டினர் பலருக்கு ஈறு கருத்திருத்தல் இயல்பு. தோலுக்கு நிறந்தரும் மெலனின் என்னும் நிறமியே ஈற்றிலும் கன்னத்தின் உட்புறத்திலும் படிகிறது. இது நோயன்று, மருந்தும் வேண்டுவதில்லை. எனினும், இவ்வியல்பே ஓர் இடரையும் விளைவிக்கிறது. வாயினுள் கருமையைக் கண்டு பழகிய கண், கருதத்தக்க கருமையையும் கடந்து சென்றுவிடுகிறது.

கருமைக்குக் காரணங்கள் பல. இயற்கை நிறம் பெரும்பாலும் இருபுறமும் ஒத்துப் பரவிப் பல்லாண்டு மாறாதிருக்கும். புகைபிடிப்போர்க்கு முன்பற்களை அடுத்த ஈறு கருக்கும். குளோரோகுயின் மருந்தை நெடுங்காலம் உட்கொண்டோர்க்கு மேலண்ணம் நீலங்கலந்த சாம்பல் நிறம் பெறுவதுண்டு. பற்குழியை அடைத்த இரசக்கலவையின் துகள் ஈற்றினுள் புதைந்தால், அவ்விடத்தில் கருநீலப் புள்ளி நிலைத்துவிடும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் அத்துகள் சில வேளைகளில் தெரியும். வாயெங்கும் புதிதாகக் கருமை படர்ந்து, களைப்பும் எடைக்குறைவும் உடன்தோன்றின், 1855-ஆம் ஆண்டில் தாமஸ் அடிசன் விவரித்த அட்ரினல் சுரப்பி நோயை ஐயுறல் வேண்டும்.

இவற்றினிடையே அரிதாக மறைந்திருப்பது மெலனோமா என்னும் கொடிய புற்றுநோய். மேலண்ணத்திலும் மேலீற்றிலுமே அது மிகுதியும் தோன்றுகிறது. தொடக்கத்தில் வலி இராது; ஆதலின் நோயாளர் மருத்துவரை நாடுமுன் காலங்கடந்துவிடுகிறது.

கருத்த ஈறுடையோர் அனைவருக்கும் திசுச் சோதனை செய்வதா எனக் கேட்கலாம். வேண்டியதில்லை. ஒற்றையாய், புதிதாய், காரணம் புலப்படாததாய், அல்லது வடிவும் நிறமும் மாறுவதாய் உள்ள திட்டினின்றே சிறு திசுவை எடுத்து நுண்ணோக்கியால் ஆராய்தல் வேண்டும். அழுத்தினால் வெளிறும் நீலத்திட்டு இரத்தக்குழாய்க் கட்டியாயிருத்தல் கூடும். அதனை மட்டும் ஆராயாது அறுத்தலாகாது. ஏனையவற்றைக் கண்ணால் மட்டும் கண்டு முடிவு கூறுதல் முறையன்று. கத்தி பட்டால் புற்றுப் பரவும் என அஞ்சிக் காலந்தாழ்த்துவதே பெருந்தீங்கு.

30 வயதைக் கடந்தோரின் வாயைச் சோதிக்கும் அரசுத் திட்டத்தில் வெண்திட்டும் செந்திட்டும் புண்ணுமே முதன்மையாகத் தேடப்படுகின்றன. புகையிலையால் வாய்ப்புற்று மிகுந்த நாட்டில் இது தக்கதே. அதனோடு, இயல்பானதெனத் தோன்றும் தனிக் கருந்திட்டின் இடத்தையும் மில்லிமீட்டர் அளவையும் குறித்து வைத்தல் நன்று. செலவு மிகாது. அடுத்த சோதனையில் திட்டு வளர்ந்ததா, நின்றதா என்பதை நினைவு கூறாது, குறிப்பே கூறும்.