சாபம் யார் தலையில்?

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் ஹெப்பகோடி. பயோகான் மருந்து நிறுவனம் இங்கே இருக்கிறது. பொம்மசந்திரா தொழிற்பேட்டை பக்கத்திலேயே. 2025-ல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம். வேலை போனாலோ, கர்ப்பம் கலைந்தாலோ, ஊரில் எழும் அதே கேள்வி இங்கேயும் பின்தொடர்கிறது: இது யார் விட்ட சாபம்?

பித்ரு தோஷம், குலதெய்வக் குற்றம் என்று இந்துக் குடும்பங்கள் பேசுவதற்கு இணையாக, பல கிறிஸ்தவ ஜெபக் கூட்டங்களில் புழங்கும் சொல் 'தலைமுறை சாபம்'. தாத்தா செய்த பாவமும் பாட்டி நாடிப் போன மாந்திரீகமும் பேரன் வரை துரத்தும், அதை ஜெபத்தால் முறித்தால்தான் விடுதலை என்பது போதனை.

இதை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் டெரக் பிரின்ஸ். பிரிட்டிஷ் ராணுவக் குடும்பத்தில் 1915-ல் அவர் பிறந்தது இதே பெங்களூரில்தான். கேம்பிரிட்ஜில் தத்துவம் படித்தவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விசுவாசியாகி போதகரானார். 2003-ல் ஜெருசலேமில் காலமானார். சாபத்தையும் ஆசீர்வாதத்தையும் பற்றி 1990-ல் அவர் எழுதிய புத்தகம் சாபத்தின் அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. மனச் சிதைவு, பரம்பரை நோய், குழந்தையின்மை, குடும்பப் பிளவு, தீராத பணக்கஷ்டம், அடிக்கடி விபத்து, தற்கொலை. ஒன்றிரண்டு இருந்தாலே சாபம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்று அவரே எச்சரித்தார். கூட்டங்களில் பட்டியல்தான் நினைவில் நிற்கிறது, எச்சரிக்கை நிற்பதில்லை.

பட்டியலை மறுபடி படித்தால் ஒன்று புரியும். ஏழைக் குடும்பம் எதுவும் இதிலிருந்து தப்ப முடியாது.

வேதாகமம் என்ன சொல்கிறது? பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்ற பொருளில் யாத்திராகமம் 20-ம் அதிகாரம் பேசுகிறது. சாப உபதேசத்தின் அஸ்திவாரம் இது. ஆனால் எசேக்கியேல் 18-ம் அதிகாரம் தகப்பன் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று அடித்துச் சொல்கிறது. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, பெற்றோரா என்று கேட்க, இயேசு இரண்டையும் மறுத்ததாக யோவான் 9-ம் அதிகாரம் கூறுகிறது. சிலுவையில் சாபம் தீர்ந்துவிட்டது என்பது கலாத்தியர் நிருபத்தில் பவுலின் வாதம். தீர்ந்த கடனுக்கு மறுபடி வட்டி கட்டச் சொல்வானேன் என்பதே இந்தப் போதனையை எதிர்க்கும் இறையியலாளர்களின் கேள்வி.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இந்தப் பழக்கம் நுழைந்தது. குடும்ப மரத்தை வரைந்து, முன்னோர் பாவங்களைத் தேடிப் பிடித்து, குணமளிக்கும் பூசை நடத்துவது பரவியது. பிரான்ஸ் ஆயர்கள் 2007-லும், போலந்து ஆயர்கள் 2015-லும், ஸ்பெயின் ஆயர்கள் 2024-லும் இதற்கு எதிராகக் கருத்து வெளியிட்டார்கள். பாவம் அவரவருடையது, ரத்தத்தில் இறங்கி வருவதல்ல என்பது அவர்கள் நிலை.

ஆனாலும் கூட்டம் வருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. வாடகை வீட்டில் தனியே கிடக்கும் துக்கத்தை ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறார். விட்டொழி, மன்னித்துவிடு என்கிறார். பல வருடப் பகையை மன்னித்தவருக்கு மனம் லேசாவது உண்மை. அந்த அளவில் அது விடுதலைதான்.

ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. வலிப்பு வரும் பிள்ளைக்கு மாத்திரை நிறுத்தப்படும்போதும், கர்ப்பம் கலைந்த பெண்ணிடம் உன் பிறந்த வீட்டில் என்ன பாவம் என்று கேட்கப்படும்போதும், ஆறுதல் குற்றப்பத்திரிகையாக மாறுகிறது. குற்றம் சாட்டப்படுபவர் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த மருமகள். கர்நாடகம் 2017-ல் மாந்திரீகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பேய் ஓட்டுவதாகச் சொல்லி அடிப்பதும் கட்டிவைப்பதும் அதன்படி குற்றம். பிரார்த்தனைக்குத் தடையில்லை. மருமகளைக் குத்தும் சொல்லோ சட்டத்தின் பிடியில் எளிதில் சிக்குவதில்லை.

ஹெப்பகோடியிலிருந்து அதே ஓசூர் சாலையில் நகரை நோக்கிப் போனால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. ஜெபித்துவிட்டு அங்கே கூட்டிப்போகும் போதகர் சாபத்தை நிஜமாகவே முறிக்கிறார். ஜெபித்துவிட்டு மாத்திரையை வாங்கி வைத்துக்கொள்பவர் அந்தக் குடும்பத்துக்குப் புதிதாக ஒன்றை விட்டுச் செல்கிறார்.